நோட்டீசில் இல்லாத நாள்

சித்திரை பிறந்துவிட்டால் கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்து டீக்கடைகளில் யாத்திரை நோட்டீஸ் தொங்க ஆரம்பித்துவிடும். ரோஸ் நிறத் தாள், உச்சியில் பிள்ளையார் சுழி, நடுவில் பசுபதிநாதர் கோயில் படம், அதன் கீழே காசி, கயா, அயோத்தி, காத்மாண்டு, முக்திநாத் என்று ஊர்ப் பட்டியல். ‘மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு’ என்ற வரி கட்டாயம் இருக்கும். முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஓர் ஊர் அச்சாகியிருக்கும். எந்த நாளும் காலியாக இருக்காது. இந்த யாத்திரைத் தொழிலில் நெடுங்காலம் கிடந்து எனக்குத் தெளிவானது ஒன்றுதான். மலையில் நேரும் அசம்பாவிதங்களில் பெரும்பாலானவை, அந்தத் தாள் அச்சகத்துக்குப் போகும் அன்றைக்கே தீர்மானமாகிவிடுகின்றன. மண்சரிவு, மழை, மூச்சுத்திணறல், வண்டி ரிப்பேர், சாலை மறியல் எல்லாம் மலைக்குப் பழையவை, இன்னும் வரக்கூடியவை. கையில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிற குழுவுக்கு அவை தொந்தரவோடு போய்விடும். மிச்ச நாள் இல்லாத குழு அவசரத்தில் ஒரு முடிவெடுக்கும். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த முடிவுதான்.

இது ஏன் நம் வட்டாரத்தில் கூடுதலாக உறைக்கிறது என்றால், கரிசல்காட்டுக்காரர்களுக்குக் கை ஓய்கிற காலம் அப்படி. மானாவாரிக்குப் புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய வெள்ளாமை. தையில் உளுந்தும் பாசியும், மாசியில் மக்காச்சோளமும் வீடு வரும்; பருத்தி எடுப்பு பங்குனி தாண்டியும் இழுக்கும்; மிளகாய் வற்றல் கமிஷன் கடைக்குப் போய்ப் பணமாகச் சித்திரை ஆகிவிடும். அதன் பிறகு ஆவணி வரை காட்டில் வேலை குறைவு, கையிலும் கொஞ்சம் காசு இருக்கும். (தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர்கள் கணக்கு வேறு. வெயில் அடிக்கும்வரை அவர்களால் நகர முடியாது.) ஆகவே யாத்திரை என்றால் வைகாசி, ஆனி, ஆடி. இமயமலைச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை, இதே மாதங்களில்தான். வானம் தெளிந்து மலை நிற்கும் நல்ல பருவம் அக்டோபரும் நவம்பரும். அப்போது நம் ஆட்கள் விதைப்பிலும் களையெடுப்பிலும் இருப்பார்கள்.

ஆனி, ஆடியில் மழைக்காலம் என்ற எண்ணமே நமக்கு வராது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்வதால் குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்கு வெறும் புழுதிக்காற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழையே 650 மில்லிமீட்டர் சொச்சம், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். ஆடி மாதம் குடையை மூட்டையில் வைப்பது வேடிக்கையாகத் தெரியும் ஊர் இது. முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டமும் இதே சாதி: அன்னபூர்ணா, தௌலகிரி மலைகளுக்குப் பின்னால் மழை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி. ஆனால் அங்கே போகிற வழி அப்படியில்லை. பொக்காராவை ஒட்டிய லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்த மழைக்குள் புகுந்து, காளிகண்டகிப் பள்ளத்தாக்கின் சரிவில் வெட்டிய சாலையில்தான் ஏற வேண்டும். புறப்படும் ஊரும் வறட்சி, சேரும் ஊரும் வறட்சி, நடுவில் மட்டும் பேய்மழை. போட்டோவில் முக்திநாத்தின் மொட்டை மலைகளைப் பார்த்துவிட்டு நாள் குறிப்பவருக்கு அந்த நடு வழி கண்ணில் படுவதில்லை.

அடுத்தது உயரம். கோவில்பட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். பொக்காரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல், முக்திநாத் 3,700 மீட்டரையும் தாண்டியது. 3,500 மீட்டரில் ஒரு மூச்சில் உள்ளே போகும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் தன் வேகத்தில். 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தூங்கும் இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பழைய நாளில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முக்திநாத்துக்குச் சாலை கிடையாது. பொக்காரா பக்கமிருந்து நடந்தால் ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகும்; நடக்கிற நாட்களிலேயே உடம்பு பழகிவிடும். 2000-க்குப் பிறகு சாலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஜோம்சோம் வந்தது, பிறகு முக்திநாத்தின் அடிவாரத்துக்கே ஜீப் வந்தது. சாலை வந்தால் யாத்திரை பத்திரமாகும் என்று எல்லாரும் நினைத்தோம். கால் வலி குறைந்தது உண்மை. தலைவலியும் வாந்தியும் கூடின. காலையில் பொக்காராவில் இட்லி சாப்பிட்டவர் இரவு ஜோம்சோமில் படுத்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு முக்திநாத்தின் 108 தாரைகளில் பனிநீரைத் தலையில் வாங்குகிறார். சாலை மிச்சப்படுத்திக் கொடுத்த நாட்களை இளைப்பாற விடாமல், அந்த இடத்தில் அயோத்தியையும் ஜனக்பூரையும் செருகிக்கொண்டோம்.

பக்தர்களுக்கு இந்தக் கேடு கூடுதல் என்பதற்கு நேபாளத்திலேயே ஆதாரம் உண்டு. காத்மாண்டுக்கு வடக்கே 4,300 மீட்டருக்கு மேல் கோசாயிகுண்டம் என்ற புனித ஏரி இருக்கிறது. ஆவணி அவிட்டப் பௌர்ணமியன்று அங்கே நீராட ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். அவர்களை ஆராய்ந்து புத்த பஸ்ன்யாத் என்ற நேபாள மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு உயர மலை நோய் இருந்தது, பத்துக்கு மூன்று பேருக்கு அது மூளையைத் தாக்கித் தள்ளாடும் நிலைக்குக் கொண்டுபோயிருந்தது என்கிறார்கள். இவர்களில் பலரும் மலை நாட்டில் பிறந்தவர்கள். வெள்ளைக்கார மலையேறிகள் இப்படிக் கொத்துக் கொத்தாக விழுவதில்லை. காரணம் உடம்பில் இல்லை, தேதியில் இருக்கிறது. பௌர்ணமியைத் தள்ளிவைக்க முடியாது. வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியவர் அந்தத் தாமதத்தை மலையில் ஈடுகட்டப் பார்க்கிறார். நம் நோட்டீசில் அச்சான ஒவ்வொரு தேதியும் நாமே உண்டாக்கிக்கொண்ட ஒரு பௌர்ணமி.

‘வெயிலில் வெந்த கரிசல் உடம்பு, இதெல்லாம் என்ன செய்யும்?’ என்ற கேள்வி எந்தக் குழுவிலும் எழும். உழைத்த உடம்புக்கு ஏறும் தெம்பு உண்டு, உயரத்தைத் தாங்கும் தனிச்சக்தி கிடையாது, இரண்டும் வேறு. தெம்புள்ளவர் வேகமாக ஏறுவதால் முதலில் விழுவதும் உண்டு. அறிகுறிகளும் அந்நியமாக இருக்காது. தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாமே நீண்ட பஸ் பயணத்தில் யாருக்கும் வருபவைதானே. ‘பித்தம்’ என்று ஒரு சுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு மறுநாளும் ஏற்றிவிடுவார்கள். நடையில் தள்ளாட்டம் வந்தால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை தெரிந்தால், அது பித்தம் இல்லை; அந்த இரவே கீழே இறக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. உயரத்தில் பசி செத்துவிடும், சோறு இறங்காது, மாத்திரை மட்டும் வழக்கம்போல இறங்கும். காலையில் எழுப்பினால் எழுந்திருக்காதவருக்கு மலை நோயா, சர்க்கரை இறங்கிவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் குழுவில் இருக்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை உதவும், அதையும் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்பார்கள். இறக்கும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் அதன் வேலை. இன்னும் ஏறலாம் என்ற தைரியத்துக்கு அதைப் பயன்படுத்தினால், நோயை மறைக்கும் காரியத்தையே அது செய்யும்.

உயரத்தை முதலில் கண்டுகொள்வது சமையல் மாஸ்டர்தான். ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 4,500 மீட்டரில் 85 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கும், வேகாது. வடித்த சோறு வெளியே குழைந்து உள்ளே அரிசியாக நிற்கும். துவரம்பருப்பு அசையவே அசையாது. குக்கர் இல்லாமல் அங்கே அடுப்பு மூட்டுவது கேஸுக்குப் பிடித்த கேடு. இட்லி மாவு குளிரில் பொங்காது என்பதால் ரவை உப்புமாதான் விதி. ஊரில் கட்டிய மிக்சர் பொட்டலங்கள் காற்றடைத்த பலூன்போல உப்பிக்கொண்டு நிற்கும், சில வெடித்தும் போகும். அந்தப் பொட்டலத்தைக் காட்டிச் சொன்னால் உயரம் என்பது என்ன என்று பத்து நிமிஷச் சொற்பொழிவில் விளங்காததும் விளங்கிவிடும். எல்லாரும் சோற்றைத் தள்ளிவைக்கும் இடத்தில் கடைசிவரை கை போவது கடலைமிட்டாய்ப் பக்கம்தான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்கு என்ற பெருமைக்காகச் சொல்லவில்லை. வெல்லமும் கடலையும் கெடாது, வேகவைக்க வேண்டாம், பசியில்லாத வாயிலும் கரையும்.

கைலாய யாத்திரையில் இந்த நாள் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். 2012-இல் தமிழ்நாடு அரசு மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் மானியம் அறிவித்த பிறகு, கைலாயம் என்ற பேச்சு பெருந்தனக்காரர் வீடுகளைத் தாண்டி எங்கள் பக்கத்துச் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. போக இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, வெளியுறவு அமைச்சகம் லிபுலேக் வழியாகவும் 2015 முதல் நாதுலா வழியாகவும் நடத்துவது. 18 முதல் 70 வயது வரைதான் எடுப்பார்கள், டெல்லியில் சில நாள் தங்கவைத்து மருத்துவப் பரிசோதனை, லிபுலேக் வழியில் குஞ்சியில் மறுபடியும் ஒரு பரிசோதனை, வழியில் உடம்பைப் பழக்கும் தங்கல்கள். எல்லாம் சேர்ந்து மூன்று வாரத்தை ஒட்டி வரும். 2020-இல் நின்று 2025-இல் மறுபடி தொடங்கியபோது பாதையின் பெரும்பகுதிக்கு வண்டி ஓடும் சாலை வந்திருந்தது. அப்போதும் அந்தத் தங்கல்களை அவர்கள் வெட்டவில்லை. இன்னொன்று, காத்மாண்டு வழியாகத் தனியார் நடத்துவது. காத்மாண்டு 1,400 மீட்டர். எல்லை தாண்டிக் கேருங் 2,700 மீட்டர் சொச்சம். அங்கிருந்து ஒரே நாள் வண்டியோட்டத்தில் சாகா, ஏறத்தாழ 4,500. பிறகு மானசரோவர், கைலாய அடிவாரத்து டார்ச்சன், மலையைச் சுற்றும் பரிக்ரமாவில் 5,600-ஐத் தாண்டிய டோல்மா கணவாய். ஒரே பகலில் 1,700 மீட்டருக்கு மேல் ஏறுகிற இந்த இடத்தில் கேருங்கில் இன்னொரு இரவு என்பது உயிர்நாடி. நாள் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கத்தி விழுவதும் அந்த இரவின் மேல்தான்.

திபெத்துக்குள் போகக் குழுவுக்கு மொத்தமாக ஒரே தாளில் விசா கொடுப்பார்கள். அதில் பெயர் உள்ளவர்கள் சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும். ஒருவர் மட்டும் முன்னால் திரும்ப வேண்டுமானால் அந்தத் தாளைப் பிரிக்க அதிகாரிகளிடம் நடக்க வேண்டும். இதனால் என்ன ஆகிறது? தலை சுற்றுகிறவர் தன்னால் மற்றவர்களுக்குக் கைலாய தரிசனம் கெட்டுவிடக் கூடாது என்று வாயைத் திறப்பதில்லை. நம் ஊர்ப் பெண்கள் இதில் மோசம். பக்கத்தில் படுத்திருக்கும் சம்பந்தியம்மாளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் உபரியாக இருக்கிறது, நீங்கள் படுத்தால் யாருக்கும் எதுவும் கெடாது என்று கிளம்பும்போதே தெரிந்தால் அவர்கள் சொல்வார்கள். உண்மையைச் சொல்லவைக்கும் மருந்தும் அந்த நாள்தான்.

சொந்த ஊரைத் தாண்டி ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பொலிவியா என்ற நாடு இருக்கிறது. அதன் அரசு நடக்கும் நகரம் லா பாஸ் 3,600 மீட்டரில். அதற்கு விமானம் இறங்கும் எல் ஆல்ட்டோ 4,000-க்கும் மேலே. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்நாட்டைத் தரைவழியாகச் சுற்றும் வெளிநாட்டு இளவட்டங்கள் படுகிற பாடுகளும் நம்முடையவைதான்: மலைச்சாலையில் நின்றுபோன பஸ், வயிற்றுப்போக்கு, உறைபனி இரவு, எதற்கோ நடக்கும் சாலை மறியலில் நாள்கணக்கில் காத்திருப்பு. அவர்கள் அதை ஊர் திரும்பிச் சிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்களிடம் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. பெருவின் கடற்கரையில் தொடங்கி, 2,300 மீட்டர் அரெகிப்பாவில் சில நாள், 3,800 மீட்டர் புனோவில் சில நாள் என்று படிப்படியாக ஏறி வருகிறவருக்கு லா பாஸ் ஒன்றும் செய்வதில்லை. அதே நகரத்துக்கு நேரே விமானத்தில் வந்து இறங்கும் வியாபாரி முதல் இரவே தலையைப் பிடித்துக்கொள்கிறார். மறியல் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். ஒருவர் சாலையோரம் சீட்டாடுகிறார், இன்னொருவர் இருட்டில் காட்டுப்பாதையில் நடக்கிறார். நேபாளத்திலும் பந்துக்கும் மறியலுக்கும் குறைவில்லை. 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சி வெடித்துக் காத்மாண்டு விமான நிலையமே மூடியபோது, விடுதியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருக்க முடிந்தவர்களுக்கு அது ஒரு கதையாக நின்றது.

2018 ஜூலையில் அப்படி இருக்க முடியவில்லை. கைலாயத்திலிருந்து ஹில்சா, சிமிகோட் வழியாகத் திரும்பும் பாதையில் ஹில்சாவிலிருந்து சிமிகோட்டுக்கு ஹெலிகாப்டர், அங்கிருந்து நேபாள்கஞ்சுக்குச் சிறு விமானம். மழை மேகம் கட்டினால் இரண்டும் எழும்பாது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்தியர்கள் அந்த வழியில் அங்கங்கே சிக்கினார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இந்தியத் தூதரகம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிறவர்களின் எண்களைத் தனித்தனியாக அறிவிக்கும் அளவுக்குத் தென்னாட்டுக் கூட்டம். மழை எதிர்பாராத மழையா? ஜூலையில் மேகம் கட்டாமல் இருந்தால்தான் அதிசயம். சிறு விமானம் பறக்காத நாள் வரும் என்று தெரிந்த பாதையில், அடுத்தடுத்த குழுக்களை இடைவெளி இல்லாமல் ஏற்றிவிட்டதன் விளைவு அது. முன்னால் போனவர்கள் அறையைக் காலி செய்வார்கள் என்ற நம்பிக்கையில் பின்னால் வருகிறவர்களுக்கு அறை பதிவாகியிருக்கும். ஒரு நாள் அடைத்தால் போதும், இரண்டு குழுவும் ஒரே அறைக்கு நிற்கும்.

எதையும் நாள் கணக்கில் அடக்குகிறாயே, நிலநடுக்கத்துக்கும் நோட்டீஸ்தான் காரணமா என்று கேட்கலாம். இல்லை. 1998 ஆகஸ்டில் லிபுலேக் வழியிலிருந்த மால்பா முகாமின் மேல் மலை சரிந்து, நடனக் கலைஞர் புரோதிமா பேடி உட்பட அறுபதைத் தொட்ட கைலாய யாத்திரிகர்களும் உள்ளூர்க்காரர்களும் புதைந்தார்கள். அது அரசு நடத்திய, நாள் தாராளமாக இருந்த யாத்திரை. 2015 ஏப்ரல் நிலநடுக்கம், காத்மாண்டிலிருந்து திபெத்துக்குப் போன பழைய கோடாரி எல்லைப் பாதையையே மூடிவிட்டது. 2025 ஜூலையில் கேருங் வழியின் எல்லையான ரசுவாகதியில் வெள்ளம் வந்து நட்புப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இவற்றுக்கு முன்னால் எந்தத் திட்டமும் நிற்காது. நான் பேசுவது இவற்றைப் பற்றி அல்ல. இவை பேப்பரில் வரும். பேப்பரில் வராத சில்லறை விபத்துகள் ஏராளம். எல்லையில் நம் பஸ்ஸுக்கு ‘பன்சார்’ என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்கில்தான் எடுக்க வேண்டும். திட்டம் ஒரு நாள் தள்ளினால் கூடுதல் பணமும் அலைச்சலும். அதைத் தவிர்க்க மழையிரவில் நேபாளத்து முக்லிங் மலைச்சாலையில் டிரைவரை ஓட்டச் சொல்வார்கள். கோரக்பூரில் திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, அதனால் ஜோம்சோமில் காலை விமானம் ரத்தானதும் காற்று எழும்பிய பின் ஜீப்பைப் பிடித்து இறங்குவார்கள். ரயில் போனால் மறுபடி முப்பது பேருக்கு டிக்கெட் கிடைக்காது என்பது உண்மையான பயம்தான். அந்தப் பயத்தைக் கோவில்பட்டியிலேயே ஒரு நாள் கூட்டித் தீர்த்திருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

‘சாமி கூப்பிட்டால் போய்ச் சேருவோம், இல்லையென்றால் விதி’ என்பவரிடம் நான் வாதாடுவதில்லை. சாமி கூப்பிட்ட நேரத்தை நோட்டீஸ்காரர் எப்படிக் குறித்தார் என்று மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். கனமான எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. மாதாமாதம் சீட்டுக் கட்டி வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூடினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடும். பக்கத்துக் கடை நோட்டீஸ் குறைவாக இருந்தால் பார்ட்டி அங்கே போய்விடும். இது நியாயமான கவலை. முப்பது பேர் சாமான் சுமக்கிற குழுவுக்கு ஒரு நாள் என்பது சாப்பாடு, அறை வாடகை, வண்டி நிறுத்தம். ஆனால் முக்திநாத்திலிருந்து ஒருவரை ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் அது லட்சக்கணக்கில் போகும், அதை அந்தக் குடும்பம் ஒரே ராத்திரியில் புரட்ட வேண்டும். நாள் கூலியை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது அதைவிட மலிவு. பக்கத்துக் கடைக்கும் இதே பயம் இருப்பதால்தான் யாரும் முதலில் நாளைக் கூட்டுவதில்லை. இதில் எந்த ஒரு நடத்துநரையும் பழி சொல்ல எனக்கு மனமில்லை. நோட்டீசில் ஊர்களை எண்ணிப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களும் இந்தக் கணக்கில் கூட்டாளிகள்.

‘ஓய்வு நாள்’ என்று அச்சடித்தால் கதை முடிந்தது. ‘சும்மா படுத்துக்கிடக்கவா இம்புட்டுத் தூரம்?’ என்பார்கள். அதற்கு வேறு வழி உண்டு. ஜோம்சோமுக்கும் முக்திநாத்துக்கும் நடுவே 2,800 மீட்டரில் காக்பேனி இருக்கிறது, காளிகண்டகியோடு இன்னோர் ஆறு கூடும் இடம், முன்னோருக்குத் திதி கொடுக்கப் பேர்போனது. சாளக்கிராமம் கிடைக்கும் ஆறும் இதுதான். ‘காக்பேனியில் பித்ரு காரியம், கண்டகி ஸ்நானம்’ என்று போட்டு ஓர் இரவை அங்கே நிறுத்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. விடிந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து, சமையல் முடிந்து, கல் பொறுக்கி, சாயங்காலம் காற்று ஓங்கும்போது அறைக்குத் திரும்புவதற்குள் உடம்புக்கு வேண்டிய நாள் கிடைத்திருக்கும். இதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. கேருங்கில்தான் இந்த உத்தி பலிக்காது. அங்கே நம் ஆட்களுக்குத் தெரிந்த கோயில் இல்லை, தீர்த்தம் இல்லை, தலபுராணம் இல்லை. கடைகளும் லாட்ஜுகளும் லாரிகளும் நிற்கிற எல்லைப்பட்டணம். இரண்டாவது இரவுக்கு நோட்டீசில் என்ன எழுதுவது என்று இன்றுவரை எவருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. அந்த இரவைத்தான் இப்போதும் முதலில் வெட்டுகிறார்கள்.